ட்ரெல்லோ போர்டிலிருந்து ஷெட்யூலிங் மென்பொருளுக்கு: ஸ்டில்ட் + 5 மாடிக் கட்டடத்தை எப்படி மாற்றுவது?

புதுமட்டம் | 9 ஜூன் 2025, காலை 9.40

சென்னைப் புறநகரில் ஸ்டில்ட் (தூண்கள் மேல் நிற்கும் வண்டி நிறுத்தத் தளம்) + 5 மாடி, 20 வீடு. பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்) நடக்கிறது. வேலைகளைக் கார்டாக ஒட்டும் ட்ரெல்லோ போர்டில் 140 கார்டு. வரவேண்டியது, இந்த வாரம், நடக்கிறது, காத்திருப்பு, முடிந்தது என்று ஐந்து லிஸ்ட். யார் கையில் என்ன வேலை என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஓனர் கேட்பது வேறு: "சென்ட்ரிங் ஆள் 10 நாள் வரலைன்னா சாவி எப்போ கிடைக்கும்?" இதற்குப் போர்டில் பதில் இல்லை. ஷெட்யூலிங் மென்பொருளில் எம்எஸ் புராஜெக்ட் போதுமா, பிரைமவேரா வேண்டுமா? 140 கார்டையும் அப்படியே உள்ளே இறக்க முடியுமா?

மூலமட்டம் | 9 ஜூன் 2025, காலை 11.05

இறக்க முடியும். இறக்காதீர்கள்.

ட்ரெல்லோவில் ஜேசன் கோப்பு ஏற்றுமதி எல்லாக் கணக்குக்கும் உண்டு, எக்செலில் நேராகத் திறக்கும் சிஎஸ்வி வேண்டுமானால் கட்டணத் திட்டம். எக்செலில் சீர்செய்து எம்எஸ் புராஜெக்ட்டில் திறக்கலாம். பிரச்சினை கோப்பில் இல்லை, கார்டுக்குள் இருக்கிறது. கார்டில் இருப்பவை பெயர், ஆள், கெடு தேதி. ஷெட்யூலுக்கு வேண்டியவை வேலைக்கு எத்தனை நாள், அதற்கு முன் எது முடிய வேண்டும் என்ற இரண்டும். அவை கார்டில் கிடையாது.

இல்லாததை ஈடுகட்டக் கெடு தேதியை ஸ்டார்ட் பத்தியிலோ பினிஷ் பத்தியிலோ ஒட்டுகிறார்கள். அங்கே தேதி தட்டிய நொடியில் அந்த வரிக்கு "இதற்கு முன் தொடங்காதே" அல்லது "இதற்கு முன் முடியாதே" என்ற கட்டுப்பாடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்வேலை ஒரு வாரம் முந்தி முடிந்தாலும் பின்வேலை அசையாது. 140 வரிக்கும் இப்படி ஆனால் உங்களிடம் இருப்பது அதே போர்டுதான், கோடு போட்ட வடிவத்தில்.

தேதி நீங்கள் கொடுப்பது அல்ல, மென்பொருள் கணக்கிட்டுத் தருவது. நீங்கள் கையால் தர வேண்டிய தேதி ஒன்றே ஒன்று: திட்டம் தொடங்கும் நாள்.

ரசமட்டம் | 9 ஜூன் 2025, பகல் 1.20

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு: 20 வீட்டுக்கு எம்எஸ் புராஜெக்ட் தாராளம். பழகிப் பார்க்க மட்டும் என்றால் புராஜெக்ட்லிப்ரே இலவசம். எம்எஸ் புராஜெக்ட்டின் எம்பிபி கோப்பைத் திறக்கும், ஆனால் எம்பிபி ஆகச் சேமிக்காது, எக்ஸ்எம்எல் வழியாகத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். பிரைமவேரா பி6 டேட்டாபேஸ் மேல் ஓடுவது. ஒரு கம்பெனியின் பல திட்டங்கள் ஒரே ஆள்-இயந்திரத்தைப் பங்கு போடும்போது, அல்லது டெண்டரில் எழுதியே கேட்கும்போது அதற்குப் போங்கள்.

மூலமட்டம் | 10 ஜூன் 2025, காலை 7.15

நேற்றைய பதிலில் "இறக்காதீர்கள்" என்று நிறுத்திவிட்டேன். கார்டுகளை என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும்.

140 கார்டையும் அச்செடுத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, தளத்தில் ஆள் நின்று செய்யும் வேலை: "மாடி 2 செங்கல் கட்டு". இது ஷெட்யூலில் வரி ஆகும். இரண்டு, நினைவூட்டல்: "டைல்ஸ் கடைக்காரருக்கு போன்". இது போர்டிலேயே இருக்கட்டும். மூன்று, சரிபார்ப்புப் பட்டியல்: கவர் பிளாக், சன்ஷேடு கம்பி, ஸ்லீவ். இது வேலைக்குள் அடங்கும், தனி வரி வேண்டாம்.

பிரித்து முடித்தால் இன்னொன்று தெரியும்: போர்டில் கார்டே இல்லாத, அல்லது ஒரே கார்டாகச் சுருங்கிப்போன வேலைகள். லிஃப்ட் அதில் முதல். வரைபடம் வாங்குதல், ஷாஃப்ட் அளவு ஒப்புதல், ஆர்டர், தயாரிப்பு, இறக்குதல், பொருத்துதல், அரசு லிஃப்ட் ஆய்வாளரின் உரிமம் என்று ஏழு வரி. போர்டில் இது "லிஃப்ட்" என்று ஒரே கார்டாகக் காத்திருப்பு லிஸ்ட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். அதுபோலத்தான் ஜன்னல், டிரான்ஸ்ஃபார்மர், மின் இணைப்பு, நிறைவுச் சான்று. சாவி தேதியை முடிவு செய்வது பல கட்டடங்களில் இந்த வரிகள்தான், கான்கிரீட் அல்ல.

ஒரு வரியின் அளவு ஒரு நாளுக்குக் குறையக்கூடாது, இரண்டு வாரத்துக்கு மிகக்கூடாது. வாரம் ஒருமுறை நிலவரம் எழுதும் தளத்தில் 40 நாள் நீளும் "பூச்சு வேலை" வரியால் பயனில்லை. அது தாமதமாகிறது என்பது தெரியவரும்போது 30 நாள் போயிருக்கும்.

புதுமட்டம் | 10 ஜூன் 2025, இரவு 9.30

பிரித்துவிட்டேன் அண்ணே. 140-ல் 61 மட்டும்தான் உண்மையான வேலை. மாடிவாரியாக விரித்தால் 200 தாண்டும் போல. முதல் வரி போடுவதற்கு முன் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

மூலமட்டம் | 11 ஜூன் 2025, காலை 6.50

வரிசையாகச் சொல்கிறேன், இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் "நியூ டாஸ்க்ஸ்" அமைப்பை ஆட்டோ ஷெட்யூல்டு ஆக்குங்கள். எம்எஸ் புராஜெக்ட் 2010 பதிப்பிலிருந்து இது மேனுவல் என்றுதான் வருகிறது. மேனுவல் வரி முன்வேலை தள்ளிப்போனாலும் நின்ற இடத்தில் நிற்கும்.

அடுத்து காலண்டர். கூடவே வருவது திங்கள் முதல் வெள்ளி வரை. நம் தளம் சனியும் ஓடும். புதிய காலண்டர் உருவாக்கி ஆறு நாள், 9 முதல் 1, 2 முதல் 6 என்று போடுங்கள். அதைத் திட்டக் காலண்டராகத் தேர்வு செய்யவும் வேண்டும், உருவாக்கினால் மட்டும் போதாது.

மூன்றாவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஆப்ஷன்ஸில் ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி, மாதத்துக்கு 20 நாள் என்று தனியாக இருக்கும். இது காலண்டர் அல்ல, "1 நாள்" என்று தட்டினால் எத்தனை மணி என்று மாற்றும் கணக்கு மட்டும். காலண்டரில் காலை 8 முதல் 1, 2 முதல் 6 என்று 9 மணி வேலை வைத்துவிட்டு இங்கே 8 விட்டால் ஒரு நாள் வேலை ஒரு மணி முன்னதாக முடியும், அடுத்த வேலை அதே நாள் மாலை 5-க்குத் தொடங்கும். பத்து வரி தாண்டுவதற்குள் தேதிகளுக்கு விளக்கம் சொல்ல முடியாமல் போகும். 8, 48, 26 என்று மாற்றுங்கள். தொடக்க நேரம் 9, முடிவு நேரம் 6 என்பதையும் அங்கேயே சரிசெய்யுங்கள்.

கடைசியாகப் பத்திகள்: முன்வேலை, பின்வேலை, டோட்டல் ஸ்லாக் (சாவி தேதி நகராமல் வேலை எத்தனை நாள் தள்ளிப்போகலாம்), கான்ஸ்ட்ரெய்ன்ட் டைப் (கட்டுப்பாட்டின் வகை), டெட்லைன் (கெடு). இந்த ஐந்தும் எப்போதும் கண்ணில் படவேண்டும்.

எக்செலிலிருந்து ஒட்டுவதானால் எல்லா வரியும் ஒட்டி, வரிசை முடிவான பிறகு தொடர்பு போடுங்கள். எக்செலிலேயே முன்வேலை எண் எழுதிவிட்டு நடுவில் வரி சேர்த்தால் எக்செல் அந்த எண்ணை மாற்றாது. தவறான வரியோடு சேர்ந்துவிடும்.

மூலமட்டம் | 11 ஜூன் 2025, இரவு 8.10

ஒரு மாடிச் சுற்றைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் அளவுகளை இதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

காலம் (தூண்) கம்பி 2 நாள், காலம் ஷட்டர் 2, காலம் கான்கிரீட் 1. பீம்-ஸ்லாப் சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பது) 6. கம்பி கட்டு 4. எலக்ட்ரிக் பைப் 1. சோதனை 1. ஸ்லாப் கான்கிரீட் 1. ஒன்று முடிந்து ஒன்று என்று எல்லாவற்றையும் எஃப்எஸ் தொடர்பில் கட்டினால் 18 வேலை நாள்.

தளத்தில் அப்படி நடப்பதில்லை. சென்ட்ரிங் தொடங்கி மூன்று நாளில் பாதித் தளம் தயார், கம்பிக்காரர் ஏறிவிடுவார். எனவே கம்பிக்கு எஸ்எஸ்+3 (முன்வேலை தொடங்கி 3 நாள் கழித்துத் தொடங்கு). பைப் கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் போவதால் கம்பியிலிருந்து எஸ்எஸ்+2. இப்போது சென்ட்ரிங் 6-வது நாள் முதல் 11 வரை, கம்பி 9 முதல் 12, பைப் 11, சோதனை 13, கான்கிரீட் 14. மொத்தம் 14 வேலை நாள். ஆறு ஸ்லாப்புக்கு 84, முன்பு 108.

தூக்குக்குண்டு | 12 ஜூன் 2025, காலை 10.00

எஸ்எஸ் மட்டும் போட்டால் ஆபத்து சார். சென்ட்ரிங் 6 நாள் 9 ஆனால் அது 14-வது நாள் முடியும். கம்பியோ எஸ்எஸ்+3-ஐ மட்டும் பார்த்து 12-ல் முடிந்ததாகக் காட்டும், சோதனை 13-ல் வந்து நிற்கும். பலகை அடிக்காத இடத்தில் கம்பி கட்டி முடித்த கணக்கு. சென்ட்ரிங்கிலிருந்து கம்பிக்கு எஃப்எஃப்+1-ம் (அது முடிந்து ஒரு நாள் ஆகும்வரை இது முடியாதே) வேண்டும். பிரைமவேராவில் ஒரே ஜோடிக்கு எஸ்எஸ், எஃப்எஃப் இரண்டும் போடலாம். எம்எஸ் புராஜெக்ட்டில் இரண்டு வரிக்கு நடுவே ஒரு தொடர்புதான்.

மூலமட்டம் | 12 ஜூன் 2025, பகல் 12.45

மிகச் சரி. எனவே எம்எஸ் புராஜெக்ட்டில் தளத்தை இரண்டாகப் பிரித்துவிடுவதே சுத்தமான வழி. சென்ட்ரிங் அ பகுதி 3 நாள், ஆ பகுதி 3 நாள். கம்பி அ 2, ஆ 2. எல்லாமே எளிய எஃப்எஸ்.

பிரித்ததும் எண் மாறுகிறது, கவனியுங்கள். சென்ட்ரிங் அ 6 முதல் 8, ஆ 9 முதல் 11. கம்பி அ 9, 10. கம்பி ஆ-வுக்குப் பலகை 11 மாலைதான் தயார், ஆகவே 12, 13. பைப்பையும் பகுதிக்கு அரை நாளாகப் பிரித்து அந்தந்தக் கம்பியோடு சேருங்கள். சோதனை 14, கான்கிரீட் 15. மேலே சொன்ன 14-ஐ 15 என்று படியுங்கள், ஆறு ஸ்லாப்புக்கு 90.

கூடிய அந்த ஒரு நாள் எங்கே என்றால் 11-வது நாள், கம்பிக்காரர் குழு சும்மா நிற்கும் நாள். எஸ்எஸ்+3 அதை மறைத்திருந்தது. தெரிந்துவிட்டால் அந்த நாளுக்கு அடுத்த மாடிக் காலம் கம்பியைக் கீழே வெட்டி வளைத்து வைக்கச் சொல்லலாம்.

புதுமட்டம் | 13 ஜூன் 2025, இரவு 10.15

ஸ்லாப் போட்டபின் முட்டு எடுப்பதற்கு ஏழு நாள் லேக் (இரு வேலைக்கு நடுவே இடைவெளி) போட்டேன். சில இடத்தில் எட்டு நாள், ஒரு இடத்தில் பத்து நாள் காட்டுகிறது. வேறு ஒரு வரிக்கு 24 மணிநேரக் காலண்டர் கொடுத்துப் பார்த்தேன், அங்கே இரண்டு நாள்தான் வருகிறது. எது சரி?

மூலமட்டம் | 14 ஜூன் 2025, காலை 6.30

இரண்டும் சரியல்ல. லேக்கில் "7 நாள்" என்றால் 7 வேலை நாள். ஞாயிறு நடுவே வந்தால் 8, பண்டிகை விடுமுறை வந்தால் இன்னும் கூடும். கான்கிரீட்டுக்கு ஞாயிறு தெரியாது. 24 மணிநேரக் காலண்டரில் நடந்தது வேறு: 7 நாள் என்பது 7 × 8 = 56 மணி. இரவு பகலாக ஓடும் காலண்டரில் அது 2 நாள் 8 மணி.

இதற்கென்றே எலாப்ஸ்டு நாள் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் டி போடும் இடத்தில் ஈடி போட வேண்டும். 7 ஈடி என்றால் காலண்டரில் ஏழு நாள், விடுமுறையோடு சேர்த்து.

எத்தனை நாள் என்பதை கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 சொல்கிறது. முட்டு எடுக்க, ஸ்லாப் ஸ்பான் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இது ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட்டுக்கு. பிபிசி (பொசோலானா கலந்த சிமென்ட்) என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுக் கூட்டுங்கள். கியூரிங் (ஈரமாக வைத்துப் பதப்படுத்துவது) ஓபிசி-க்குக் குறைந்தது 7 நாள், பிபிசி-க்கு 10. வறண்ட வெயில் காலத்தில் 10, 14.

அடுத்து, இதை லேக் ஆக வைக்காமல் தனி வரியாக வையுங்கள்: "மாடி 1 முட்டு நிற்கும் காலம், 14 ஈடி". காரணம், லேக் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. உங்கள் ஜாக்கியும் (முட்டுக் கம்பம்) பலகையும் அந்த 14 நாளும் கீழ்மாடியில் மாட்டிக்கிடக்கின்றன. மாடிச் சுற்று 15 வேலை நாள், காலண்டரில் 17 அல்லது 18. கான்கிரீட் விழுந்த ஐந்தாறு நாளில் மேல்மாடி சென்ட்ரிங் தொடங்க வேண்டும், கீழே முட்டு இன்னும் நிற்கிறது. ஆகவே ஒரு செட் ஜாக்கி போதாது, இரண்டு வேண்டும். லேக்கில் இருந்தால் இந்தத் தகவல் யாருக்கும் தெரியாது. தனி வரியாக இருந்தால் இரண்டு வரியும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது படத்திலேயே தெரியும்.

பிரைமவேராவில் ஈடி கிடையாது. ஏழு நாள் வாரக் காலண்டர் ஒன்று செய்து, இந்த வரிக்கு மட்டும் அதைக் கொடுப்பது அங்கே வழக்கம்.

ரசமட்டம் | 14 ஜூன் 2025, மாலை 5.00

காலண்டர் பேச்சு வந்ததால்: வடகிழக்குப் பருவமழையை மறந்துவிடாதீர்கள். உங்கள் கணக்குப்படி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேல் மாடிகள். "வெளிவேலை" என்று இரண்டாவது காலண்டர் செய்து, அந்த மூன்று மாதத்திலும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நாளை வேலையில்லா நாளாக்குங்கள். வெளிப்பூச்சு, மொட்டைமாடித் தளம், வாட்டர்புரூஃபிங், ஸ்லாப் கான்கிரீட் வரிகளுக்கு மட்டும் இது. உள்பூச்சுக்கும் டைல்ஸுக்கும் வேண்டாம்.

ஆள் காலண்டரும் உண்டு. பொங்கலுக்கு உள்ளூர் கொத்தனார் ஒரு வாரம் வரமாட்டார். பீகார் ஆட்கள் என்றால் தீபாவளி முடிந்த ஒரு வாரத்துக்குள் சத் பூஜை, ஊருக்குப் போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். 2025 இறுதியில் பீகார் சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்துகொள்கிறது. மேஸ்திரியிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள்.

தூக்குக்குண்டு | 15 ஜூன் 2025, காலை 8.20

கொஞ்சம் விலகிப் போகிறேன். கிரிட்டிக்கல் பாத் (ஒரு நாள் தாமதித்தாலும் சாவி தேதியைத் தள்ளும் வேலைத் தொடர்) என்பது மென்பொருள்காரர்கள் கொண்டுவந்த விஷயம் என்று பல இளம் இன்ஜினியர்கள் நினைக்கிறார்கள். 1957-ல் டுபாண்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலைப் பணிகளுக்காக உருவாக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு பெர்ட் என்ற இதே வகை முறை வந்தது. முன்போக்கு (தொடக்கத்திலிருந்து), பின்போக்கு (முடிவிலிருந்து) தேதிக் கணக்கை ஒரு முறையாவது 15 வரிக்குக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள் தம்பி. பிறகு ஸ்லாக் பத்தியில் வரும் எண் தானாகப் புரியும்.

புதுமட்டம் | 22 ஜூன் 2025, இரவு 9.00

228 வரி, தொடர்பெல்லாம் போட்டாயிற்று. சோதனைக்காக ஸ்டில்ட் காலம் கம்பியில் 30 நாள் கூட்டினேன். சாவி தேதி 4 நாள்தான் நகர்கிறது. ஓனர் ஆகஸ்ட் 2026 என்று சொன்னதால் கடைசி வரிக்கு அந்தத் தேதியைக் கட்டுப்பாடாகப் போட்டிருக்கிறேன்.

மூலமட்டம் | 23 ஜூன் 2025, காலை 6.40

சோதனை அருமையான சோதனை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 14 அம்சச் சரிபார்ப்பில் இதையே 600 நாள் கூட்டிச் செய்வார்கள். 30 கூட்டினால் 30 நகர வேண்டும். நகராததற்குக் காரணம் இரண்டு வகை.

கடைசி வரியில் "மஸ்ட் பினிஷ் ஆன்" போட்டிருந்தால் அதை எடுங்கள். அந்தத் தேதியை டெட்லைன் பத்தியில் வையுங்கள். டெட்லைன் கணக்கைத் தடுக்காது. மீறினால் சிவப்புக் குறி வரும், ஸ்லாக் எத்தனை நாள் மைனஸ் என்றும் சொல்லும். உங்களுடையது 8 வீட்டுக்கு மேல், எனவே ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உண்டு. அங்கே எழுதிக்கொடுத்த நிறைவுத் தேதியைத்தான் டெட்லைன் ஆக்க வேண்டும், ஓனர் வாயால் சொன்னதை அல்ல.

எடுத்தபிறகும் 30 நகரவில்லை என்றால் தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது. பின்வேலைப் பத்தியில் வடிகட்டிக் காலியாக உள்ள வரிகளைப் பாருங்கள். திட்டம் முழுவதிலும் பின்வேலை இல்லாத வரி ஒன்றுதான் இருக்கலாம், சாவி கொடுப்பது. முன்வேலை இல்லாததும் ஒன்றுதான், தொடக்கம். பெரும்பாலும் அறுந்திருக்கும் இடங்கள்: செங்கல் கட்டுக்கு முட்டு எடுப்பு முன்வேலையாக இல்லாதது, பூச்சுக்கு எலக்ட்ரிக் காடி வெட்டு இல்லாதது, டைல்ஸுக்குப் பாத்ரூம் வாட்டர்புரூஃபிங் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது இல்லாதது.

தலைப்பு வரிகளுக்கு நடுவே தொடர்பு போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். "மாடி 1" என்ற தலைப்பை "மாடி 2"-க்கு முன்வேலை ஆக்கினால் மாடி 1 டைல்ஸ் முடியும்வரை மாடி 2 காலம் எழாது.

புதுமட்டம் | 23 ஜூன் 2025, இரவு 11.10

17 வரிக்குப் பின்வேலை இல்லை. லிஃப்ட்டின் ஏழு வரியும் தனித்தீவாக நின்றன. சேர்த்ததும் 30-க்கு 30 நகர்கிறது. ஆனால் டெட்லைன் மைனஸ் 19 காட்டுகிறது.

மூலமட்டம் | 24 ஜூன் 2025, காலை 7.00

மைனஸ் 19 இப்போதே தெரிவது நல்லது, ஒரு ஸ்லாப்கூட ஏறவில்லை. கால அளவுகளைச் சுருக்கி பிளஸ் ஆக்கிவிடாதீர்கள். கிரிட்டிக்கல் வரிகளை மட்டும் வடிகட்டி அதில் எதை இணையாக நடத்தலாம் என்று மேஸ்திரியோடு உட்காருங்கள். மூன்றாவது ஸ்லாப் ஏறும்போதே கீழ்மாடி செங்கல் கட்டு தொடங்குவது, உள்பூச்சுக்கு இரண்டாவது குழு, லிஃப்ட் ஆர்டரை முன்னிழுப்பது. ஓனரும் நீங்களும் ஒப்புக்கொண்ட பிறகே பேஸ்லைன் (பிறகு ஒப்பிட வைக்கும் மூலத் திட்டம்) சேமியுங்கள். பதினொன்று வரை சேமிக்க இடமுண்டு, முதலாவதை மட்டும் எக்காரணத்துக்கும் மேலெழுத வேண்டாம்.

ரசமட்டம் | 24 ஜூன் 2025, பகல் 2.30

போர்டை இனி மூடிவிடலாமா என்று கேட்பார், அதற்கு முன்பே சொல்கிறேன்: கூடாது. 228 வரி காண்ட் (பட்டைப்) படத்தைத் தளத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். ஷெட்யூலில் அடுத்த மூன்று வாரத்தை வடிகட்டி, அதில் வரும் வாரத்து வேலைகளை மட்டும் கார்டாகப் போடுங்கள். கார்டின் தலைப்பில் வரியின் யூனிக் ஐடி எண். சாதாரண ஐடி வேண்டாம், நடுவில் வரி சேர்ந்தால் அது மாறிவிடும். நடக்கிறது லிஸ்ட்டில் ஒரு குழுவுக்கு ஒரு கார்டு, அதிகபட்சம் இரண்டு.

இரண்டையும் தானாக இணைக்கும் செருகுநிரல்கள் கிடைக்கின்றன. கட்டடத்துக்கு வேண்டாம். கார்டில் யாராவது தேதியை இழுத்தால் அது ஷெட்யூலுக்குள் கட்டுப்பாடாக வந்து உட்காரும், மூலமட்டம் முதல் நாள் சொன்ன அதே சிக்கல்.

மூலமட்டம் | 25 ஜூன் 2025, காலை 6.45

வாராந்திரப் புதுப்பிப்பு, சனிக்கிழமை மாலை. ஸ்டேட்டஸ் தேதியை (நிலவரம் எடுத்த நாள்) அன்றைக்கு வையுங்கள். ஒவ்வொரு நடப்பு வரிக்கும் மூன்று தகவல்: உண்மையில் தொடங்கிய நாள், முடிந்திருந்தால் முடிந்த நாள், முடியாவிட்டால் இன்னும் எத்தனை நாள் வேண்டும். சதவீதம் கேட்காதீர்கள். "90 முடிஞ்சிடுச்சு சார்" என்பது மூன்று வாரமும் 90-ஆகவே நிற்கும். "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் மேஸ்திரி யோசித்துச் சொல்வார்.

பிறகு அப்டேட் புராஜெக்ட் கட்டளையில், முடியாத வேலையை ஸ்டேட்டஸ் தேதிக்குப் பின் நகர்த்து என்ற தேர்வு. பிரைமவேராவில் அதற்கு நிகரான டேட்டா தேதியை மாற்றி எஃப்9 அழுத்தினால் தானாக நகரும். எம்எஸ் புராஜெக்ட் நீங்கள் சொல்லாமல் நகர்த்தாது, போன வாரம் நடக்காத வேலை போன வாரத்திலேயே கிடக்கும், சாவி தேதியும் பொய்யாக நல்லபடி காட்டும்.

ரிசோர்ஸ் லெவலிங்கை (ஆள் போதாத இடத்தில் வேலையைத் தானாகத் தள்ளும் கட்டளை) மூலக் கோப்பில் அழுத்த வேண்டாம். நகலெடுத்து அதில் அழுத்தி என்ன நகர்ந்தது என்று பாருங்கள், ஏற்கத்தக்கதைக் கையால் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கோப்பை அந்தத் தேதியின் பெயரில் தனியாகச் சேமியுங்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்ற பேச்சு எழும்போது, எந்த வாரத்தில் எந்த வரியின் ஸ்லாக் பூஜ்யத்துக்கு வந்தது என்பது அந்த வரிசையில்தான் இருக்கும்.

புதுமட்டம் | 28 ஜூன் 2025, இரவு 8.40

முதல் புதுப்பிப்பு முடிந்தது. மைனஸ் 19 இப்போது மைனஸ் 6. இரண்டாவது பூச்சுக் குழுவும் லிஃப்ட் ஆர்டரும் கைகொடுத்தன. மீதி 6 நாளுக்கு மேஸ்திரியோடு திங்கள் உட்காருகிறேன். ஜாக்கி இரண்டாவது செட் வாடகைக்கா, சொந்தமா?

தூக்குக்குண்டு | 29 ஜூன் 2025, காலை 9.15

வாடகை. இரண்டாவது செட் தேவைப்படும் முதல் நாளையும் கடைசி நாளையும் முட்டு வரிகளிலிருந்தே எடுங்கள். மேல்மாடி ஸ்லாப்புக்கு 14 ஈடி முடிகிறவரைதான் வாடகை ஓட வேண்டும், ஐந்து நாள் கூடுதல் வைத்துப் பேசுங்கள்.